பள்ளத்தின் கரைக்கு 15 மீட்டர் விடுங்கள்: எங்கள் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர்மன்றத் தலைவர், மன்ற உறுப்பினர்கள், நகராட்சி ஆணையர், நகரமைப்பு அலுவலர் ஆகியோருக்கு,

போன மாதக் கூட்டத்தில் ஒரு எண்ணை மாற்றியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லுகிற நம் ஊரின் விரிவு அபிவிருத்தித் திட்ட வரைவில், பள்ளத்தின், அதாவது நம் ஊர் ஓடையின், இரண்டு கரையிலும் 15 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது என்று இருந்தது. அதை 3 மீட்டர் என்று திருத்திப் பரிந்துரைத்து அனுப்பிவிட்டீர்கள். அதே தீர்மானத்தின் அடுத்த பத்தியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் 400 மீட்டர் நீளத்துக்குப் பள்ளத்தைக் கான்கிரீட் பெட்டியாக்கி, மேலே மூடி, கார் நிறுத்துமிடம் கட்ட ஒப்புதலும் கொடுத்திருக்கிறீர்கள். ஒருவர்கூட எழுந்து கேள்வி கேட்கவில்லை என்று பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

வரைவு பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தபோதே, 15 மீட்டரைக் குறைக்காதீர்கள் என்று எங்கள் தெருவிலிருந்து 41 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். சீல் குத்திய ரசீது ஒன்று கிடைத்தது. பதில் வரவில்லை, கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

உங்களில் மூன்று பேர் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவர்கள். என்னை உங்களுக்குத் தெரியும். பள்ளத்தோரத் தெருவில் 1998-லிருந்து குடியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீடும் அந்த 15 மீட்டருக்குள்தான் வருகிறது. சமையலறைச் சுவரிலிருந்து கரை 4 மீட்டர்கூட இல்லை. மனை வாங்கும்போது பட்டா சரியாக இருக்கிறதா, வில்லங்கம் இல்லையா, அப்ரூவல் இருக்கிறதா என்று பார்த்தோம். தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. விற்றவரும் சொல்லவில்லை, பத்திரம் எழுதினவரும் சொல்லவில்லை, வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்த அலுவலகமும் சொல்லவில்லை. அன்றைக்கே இப்படி ஒரு விதி இருந்திருந்தால் அந்த இடம் மனையாகப் பிரிந்தே இருக்காது. நாங்கள் நாலு தெரு தள்ளி வாங்கியிருப்போம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. மகன் வளர வளர அவன் உயரத்தைக் குறித்து வைத்த கோடுகள். அதே நிலையில் இன்னொரு பக்கம் பள்ளத்துத் தண்ணீர் ஏறின உயரத்துக்கும் மூன்று கோடு போட்டிருக்கிறோம். 2005-ல் வாசற்படியைத் தொட்டு நின்றது. 2011-ல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. மூன்றாவது கோடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டது. அது என் இடுப்புக்கு மேலே இருக்கிறது.

அந்த மூன்றாவது கோடு போட்ட ராத்திரி ஊருக்குள் பெரிய மழையே இல்லை. தூறிக்கொண்டிருந்தது. மேற்கே மலையடிவாரத்தில் மட்டும் சாயங்காலத்திலிருந்து இருட்டிக்கொண்டு நின்றது. பத்தே முக்கால் இருக்கும், குளியலறையில் களக் களக் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருக்கிறது. பள்ளத்தோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். வெள்ளம் முதலில் வாசல் வழியாக வராது, நம் வீட்டுக் கழிவுநீர் போகிற குழாய் வழியாகவேதான் திரும்பி வரும். வாசலில் மணல் மூட்டை அடுக்கி என்ன பயன்? பத்து நிமிஷத்தில் சமையலறையில் கணுக்கால் அளவு. அரிசி டிரம் சாய்ந்து மிதந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, எழுந்து நடக்க முடியாது. கட்டிலோடு தூக்கி மொட்டைமாடிப் படியில் ஏற்றினார்கள். படி திரும்புகிற இடத்தில் கட்டில் திரும்பவில்லை. அந்த இருட்டில், கழுத்தளவு பயத்தோடு, நாலு பையன்கள் கட்டிலைச் சாய்த்து அவரைச் சேலையில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு வடிந்தது. வீட்டுக்குள் ஒரு சாண் உயரத்துக்குச் சாக்கடைச் சேறு. மகனின் சான்றிதழ்கள் வைத்திருந்த பையைத் தொட்டால் கஞ்சி மாதிரி பிசுபிசுத்தது. பின்கட்டில் என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் எல்லாம் போயிற்று. அவர் திரும்ப அந்த லேத்தை ஓட்டவில்லை. அடுத்த வருஷம் பழைய இரும்புக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டோம்.

இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில் என்ன மாறிற்று என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். கண் எதிரே நடந்ததுதான். எதிர்க்கரையில் ஒரு கல்யாண மண்டபம் வந்தது. அதன் சுற்றுச்சுவர் பள்ளத்தின் விளிம்பிலேயே, செங்குத்தாக, ஒன்பது அடி உயரத்துக்கு எழுந்தது. அந்தப் பக்கம் பரவ வழியில்லாத தண்ணீர் முழுக்க எங்கள் பக்கம் மோதியது. மேலே வடக்கில், சோளமும் நிலக்கடலையும் போட்டுக்கொண்டிருந்த காடுகளில் இரண்டு மனைப்பிரிவுகள் வந்தன. மண் குடித்துக்கொண்டிருந்த மழை இப்போது தார்ரோட்டில் ஓடி நேராகப் பள்ளத்தில் விழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் அது 10 கோடி லிட்டர். அதில் பாதியை நிலம் வாங்கிக்கொண்டால் ஒரு கதை, பத்தில் ஒரு பங்குகூட வாங்காவிட்டால் வேறு கதை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு நான் புல வரைபட நகல் வாங்கினேன். பழைய படத்தில் அளவு எல்லாம் லிங்க்ஸில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு நேரே ஓடைப் புறம்போக்கின் அகலம் 90 லிங்க்ஸ், அதாவது 18 மீட்டர். மகனும் நானும் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். இச்சிமரத்துப் பக்கம் பதினேழரை மீட்டர் இருக்கிறது, கிட்டத்தட்டப் படத்தில் உள்ளபடியே. பழைய தரைப்பாலத்தில் 11. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் 6 மீட்டர் 20 சென்டிமீட்டர். எவ்வளவு குறுகியிருக்கிறது என்று படத்தையும் டேப்பையும் பக்கத்தில் வைத்தாலே தெரிகிறது. அந்த மூன்று அளவையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் நில அளவரை அனுப்பிச் சரிபாருங்கள், நானும் கூட வருகிறேன்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். நம் கொங்குப் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்கிறோம். ஈரோட்டில் பெரும்பள்ளம், கோபியில் கீரிப்பள்ளம், கோவையில் சங்கனூர்ப் பள்ளம். தண்ணீர் போகிற தடம் என்பது நம் ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆனால் வெளியூரிலிருந்து வந்து மனை வாங்குகிறவர்களுக்குப் பள்ளம் என்றால் தாழ்வான இடம், மண் கொட்டி மேடாக்கிவிட்டால் சரியாகிவிடுகிற இடம். நாம் மழை மறைவுப் பிரதேசத்தில் இருக்கிறோம். வருஷத்தில் பத்து மாசம் பள்ளத்தில் சாக்கடை தவிர ஒன்றும் ஓடாது. அதனால் அது காலி இடம் மாதிரி தெரிகிறது. மன்றத் தீர்மானத்திலும் அதை 'மழைநீர் வடிகால்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். வடிகால் என்றால் நாம் கட்டினது, நம் வசதிக்கு ஒடுக்கலாம், மூடலாம். பள்ளம் இந்த ஊருக்கு முன்னாலேயே இருந்தது. ஆவணத்திலும் அது ஓடைதான். தயவுசெய்து அந்தப் பெயரிலேயே எழுதுங்கள்.

சரி, 15 மீட்டர் எதற்கு, 3 போதாதா என்று கேட்கலாம். நம் பள்ளத்தின் கரை பல இடங்களில் 3 மீட்டர் ஆழம். மண்கரை தானாக நிற்க வேண்டுமானால் சரிவாக இருக்க வேண்டும். ஆழத்தின் அளவுக்காவது அகலம் வேண்டும். அந்தச் சரிவே உங்கள் 3 மீட்டரைத் தின்றுவிடும். தூர்வார ஒரு ஜேசிபி கரைமேல் நிற்க இரண்டரை மீட்டர் வேண்டும். அள்ளின மண்ணை ஏற்ற டிப்பர் எங்கே நிற்கும்? ஒவ்வொரு செப்டம்பரிலும் தூர்வார ஒப்பந்தம் விடுகிறீர்கள். எங்கள் தெருவுக்கு வரும் டிரைவர் வண்டி இறங்க வழியில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறார். அந்த ஒப்பந்தப் பணத்துக்கு எந்த இடத்து மண் எடுக்கப்பட்டது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கட்டடம் கரைக்கு ஒட்டினால் பள்ளத்துக்கு மட்டும் கேடு இல்லை, கட்டடத்துக்கும் கேடு. 2025 ஜனவரியில் கோவையில் சங்கனூர்ப் பள்ளத்தில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது கரையில் இருந்த மாடி வீடு அப்படியே சாய்ந்து விழுந்ததை நாம் எல்லாரும் கைபேசியில் பார்த்தோம். பள்ளத்தைத் திருத்த வேண்டுமானாலும் ஓரத்தில் இடம் வேண்டும் என்பதுதான் நான் அதிலிருந்து தெரிந்துகொண்டது. 2011 நவம்பரில் திருப்பூரில் ஜம்மனை ஓடையோரக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. திருப்பூர் நமக்கு எவ்வளவு தூரம்? அங்கே வேலைக்குப் போய்வருகிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

அப்புறம் கிணறு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்களே, அந்தக் கோடையில் நம் ஊரில் போர்வெல் எல்லாம் காற்றை வாங்கியது. குடம் பத்து ரூபாய்க்குத் தண்ணீர் விற்றது. இச்சிமரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பொதுக்கிணற்றில் மட்டும் மே மாதக் கடைசி வரைக்கும் தண்ணீர் நின்றது. மூன்று தெரு மக்கள் அதில் இறைத்தோம். காரணம், அந்த இடத்தில்தான் பள்ளத்துக்கு இன்னும் மண்தரையும் மண்கரையும் இருக்கின்றன. கரையில் புங்கையும் நீர்மருதும் நிற்கின்றன. கீழே, ஏற்கெனவே கான்கிரீட் தளம் போட்ட பகுதியில் கிணறுகளைக் குப்பை கொட்டி மூடிவிட்டார்கள். அந்தக் கிணற்றடியில்தான் இப்போது 3 மீட்டர் விட்டு மனை போட வரைபடம் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

மூடி கார் நிறுத்தம் கட்டுவதைப் பற்றி. மூடின பள்ளத்தில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடையாமல் இருக்கப் போவதில்லை. அடைந்தால் யார் உள்ளே இறங்குவார்கள்? மனிதரைச் சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் யாரை இறக்குவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பத்தியை நீங்கள் நீக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பள்ளத்தை மூடிப் பார்த்த ஊர்கள் என்ன செய்தன என்பதையும் பாருங்கள். தென்கொரியாவின் சியோல் நகரம் தன் நடுவே ஓடின ஓடையை மூடி, ரோடு போட்டு, மேலே பாலச்சாலையும் கட்டியது. பிறகு 2003-ல் அந்தப் பாலச்சாலையை இடிக்க ஆரம்பித்து, 2005-ல் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடையைத் திரும்பத் திறந்தார்கள். சிங்கப்பூரில் பீஷான் பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நேர்கோடாக ஓடின கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக 2012-ல் மாற்றினார்கள். மழை வந்தால் பூங்காவின் புல்வெளியே தண்ணீர் பரவ இடம் கொடுக்கிறது. அவ்வளவு பணம் உள்ளவர்கள் உடைத்து எறிந்ததை நாம் கடன் வாங்கிக் கட்டப் போகிறோமா?

இது நம் கையில் இல்லை, நீதிமன்றம் சொன்னால் பார்க்கலாம் என்று ஒரு உறுப்பினர் என்னிடம் நேரில் சொன்னார். அதற்குப் பெங்களூருவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ராஜகால்வாய் என்று சொல்லுகிற பெரிய மழைநீர்க் கால்வாய்களுக்கு, 2015-ஐ இலக்காக வைத்துப் போட்ட முழுமைத் திட்டத்தில் 50, 25, 15 மீட்டர் என்று மூன்று படிநிலையில் இடைவெளி வைத்திருந்தார்கள். 2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 50, 35, 25 மீட்டராகவும், ஏரிகளுக்கு 30-லிருந்து 75 மீட்டராகவும் கூட்டியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சட்டப்படி போட்ட திட்டத்தில் இருக்கிற அளவைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்பதுதான் அதன் சாரம். அதாவது, கரையோரக் கோட்டை எங்கே போடுவது என்பது திட்டம் போடுகிறவர்கள் கையில் இருக்கிறது. நீங்கள் 3 என்று எழுதிவிட்டால், நாளைக்கு நாங்கள் எந்தப் படியேறினாலும் அந்த 3 எங்களுக்கு எதிராகவே நிற்கும். பெங்களூருவில் எழுதி வைத்த அளவையும் காப்பாற்றவில்லை. 2022 செப்டம்பரில் பெரிய பெரிய வில்லாக்களுக்குள் தண்ணீர் நின்று, டிராக்டரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். எழுதின விதியையே மீறுகிறவர்கள் இருக்கும்போது, விதியே இல்லாத ஊரின் கதி என்ன?

அதிகாரம் உங்களுக்கு இல்லாமல் இல்லை. 1992-ல் வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகள் என்று பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. அதில் முதல் வரி நகரத் திட்டமிடல். இரண்டாவது வரி நிலப் பயன்பாட்டையும் கட்டடம் கட்டுவதையும் ஒழுங்குபடுத்துவது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் போடப்படுகிற திட்டத்தில்தான் இப்போது நீங்கள் திருத்தம் செய்திருக்கிறீர்கள். 15-ஐ 3 ஆக்க முடிந்த அதே கையால் 3-ஐ 15 ஆக்கவும் முடியும்.

ஏரி குளங்களுக்கு 2007-ல் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. கடற்கரைக்கு 1991-லிருந்தே 500 மீட்டர் வரை ஒழுங்குமுறை இருக்கிறது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பள்ளத்துக்கு என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்தவரை புறம்போக்கு எல்லைக்கல் ஒன்றுதான். அந்தக் கல்லுக்கு ஒரு அங்குலம் வெளியே பட்டா நிலம். அங்கே சுவர் எழுப்பினால் ஆக்கிரமிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் புகுந்த 23 வீடுகளில் 20 வீடுகளுக்கு முறையான பட்டா இருக்கிறது. ஆக்கிரமிப்பை அகற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பட்டா நிலத்தில் எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று சொல்ல வேண்டியது கட்டட விதிதான்.

15 மீட்டர் என்றால் பட்டாதாரர்களுக்கு நஷ்டம் என்பதுதான் கூட்டத்தில் சொல்லப்பட்ட ஒரே காரணம். அது நியாயமான கவலை, நான் தள்ளிவிடவில்லை. ஆனால் வழி இருக்கிறது. பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் பொது ஒதுக்கிடம் விட வேண்டும் என்பது இப்போதே நடைமுறையில் உள்ள விதி. மனை போடுகிறவர்கள் அதை எதற்கும் உதவாத ஒரு மூலையில், முக்கோணமாக விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த 10 சதவீதத்தைப் பள்ளத்தின் ஓரமாக நீளவாக்கில் விடச் சொல்லுங்கள். கரையோர இடைவெளியில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். விவசாயம் செய்கிறவர்கள் செய்துகொண்டே இருக்கலாம். தென்னை வைக்கலாம், தீவனப்புல் போடலாம், மாடு கட்டலாம். கட்டடம் மட்டும்தான் கூடாது. சிறிய மனை மொத்தமும் கோட்டுக்குள் போய்விடுகிறவர்களுக்கு, விட்டுக்கொடுத்த இடத்துக்கு ஈடாக வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டவோ, அந்த உரிமையை விற்கவோ விடுகிற மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்ற ஏற்பாடு நம் மாநில விதிகளிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பள்ளத்தைக் காப்பாற்று என்று யாராவது சொன்னாலே முதலில் ஜேசிபி போவது குடிசைக்குத்தான். நீர்நிலை ஓரத்தில் இருந்தவர்களை ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிக்கொண்டு போய், வேலைக்குப் பஸ் பிடிக்கக்கூட முடியாத தூரத்தில் அடுக்குமாடியில் இறக்கிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். என் மனுவை அதற்குச் சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் கேட்பது இனி வரப்போகிற கட்டடத்துக்கான விதி. ஏற்கெனவே இருக்கிற வீடுகளை, எங்களுடையதையும் சேர்த்து, அப்படியே இருக்க விடுங்கள். ஆனால் பள்ளத்தின் பக்கமாக ஒரு அடிகூட நீட்டவோ, இடித்துவிட்டு அதே இடத்தில் பெரிதாகக் கட்டவோ அனுமதிக்காதீர்கள். மகன் மாடி கட்ட வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்த விதி வந்தால் எங்களுக்கு அது கிடைக்காது. வீட்டில் பேசி முடிவெடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் எல்லைக்குள் பள்ளம் 4 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் கீழ்ப்பகுதி ஒன்றரை கிலோமீட்டர்தான் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. மேல்பகுதியில் இன்னும் காடும் தோட்டமும், வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரித் தடமும் இருக்கின்றன. போன வாரம்கூட அங்கே நீர்க்கோழி குஞ்சுகளோடு கோரைக்குள் போவதைப் பார்த்தேன். அந்த இரண்டரை கிலோமீட்டரில் இடைவெளி விட இன்றைக்கு யார் வீட்டையும் இடிக்கத் தேவையில்லை. வடக்கில் புறவழிச்சாலை வேலை முடிந்தால் இந்த நிலைமை இருக்காது. ஏக்கர் கணக்கில் விற்கிற நிலம் சென்ட் கணக்குக்கு மாறிவிடும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

போன மாதத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் இரு கரையிலும் 15 மீட்டர் என்ற வரைவு அளவையே பரிந்துரையாக அனுப்புங்கள். அந்த அளவு புறம்போக்கு எல்லையிலிருந்தா, இன்றைய கரை விளிம்பிலிருந்தா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். இரண்டில் எது வெளியே இருக்கிறதோ அதிலிருந்து அளக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஓடையின் நடுவிலிருந்து அளப்பது என்று வைத்தால் 15-இல் பாதி தண்ணீருக்குள்ளேயே போய்விடும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பள்ளத்தை மூடும் திட்டத்தைக் கைவிடுங்கள். கார் நிறுத்தத்துக்கு, பழைய சந்தைப்பேட்டையில் நகராட்சிக்குச் சொந்தமான இடம் பூட்டிக் கிடக்கிறது.

திட்டம் முடிவாகும் வரை கரையிலிருந்து 15 மீட்டருக்குள் எந்தப் புதுக் கட்டடத்துக்கும், மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் கொடுக்காதீர்கள். கிணற்றடி வரைபடம் உட்பட, இப்போது கையில் இருக்கிற விண்ணப்பங்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

வருவாய்த் துறையையும் நீர்வளத் துறையையும் கூட்டி 4 கிலோமீட்டரையும் அளந்து, எல்லைக்கல் நட்டு, அந்த வரைபடத்தைத் தமிழில், எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். மனை வாங்க வருகிறவர் அதைப் பார்த்த பிறகு முன்பணம் கொடுக்கட்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இந்த அளக்கிற வேலை முடிய வேண்டும்.

எங்கள் 41 கையெழுத்து மனுவுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் எங்களில் இரண்டு பேர் ஐந்து நிமிஷம் பேச அனுமதி வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் எல்லாரும் ஒருநாள் காலையில் இச்சிமரத்தடிக்கு வாருங்கள். அங்கிருந்து கல்யாண மண்டபம் வரை கரையோடு நடந்தால் இருபது நிமிஷம். டேப் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பள்ளத்தோரத் தெருவில் குடியிருக்கும்
ஓய்வுபெற்ற ஆசிரியை